மை50 பாஸா, மாணவர் பாதிக் கட்டண அட்டையா? செந்தூலிலிருந்து நீலாய்க்குப் படிக்கப் போகும் பிள்ளையின் கணக்கு

ரேபிட் கேஎல் ரயிலிலும் பஸ்ஸிலும் 30 நாளைக்கு ஏறி இறங்க வாங்கும் மை50 பாஸைப் பற்றி யாரைக் கேட்டாலும் "கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்பார்கள். கோலாலம்பூருக்குள் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு அது சரிதான். எங்கள் வீட்டுக் கதை வேறு. நாங்கள் இருப்பது செந்தூலில். பெரியவள் டிப்ளோமா படிப்பது நீலாயில். காலையில் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்தில் கிளம்பி, சிலாங்கூரைக் கடந்து, நெகிரி செம்பிலானில் போய் இறங்குகிறாள். ஊரே நீலாயிலிருந்து கோலாலம்பூருக்கு வரும் நேரத்தில் இவள் எதிர்த்திசையில் போகிறாள். ஹாஸ்டலில் விடலாமே என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு ஒரே பதில்தான்: ஹாஸ்டல் கட்டணத்தைப் பார்த்த பிறகுதான் ரயிலைப் பார்க்க ஆரம்பித்தோம்.

நான் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவள். பாஸ் வாங்கினாலும் சரி, பச்சை மிளகாய் வாங்கினாலும் சரி, எழுதி வைத்துக் கூட்டிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. மகளுக்கு ஒரு செமஸ்டர் மை50, அடுத்த செமஸ்டர் மாணவர் பாதிக் கட்டண அட்டை என்று இரண்டையும் வாங்கிக் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. அந்த அனுபவத்தைத்தான் எழுதுகிறேன். மாநில எல்லை தாண்டிப் படிக்கப் போகும் பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கு உதவும். கல்லூரி, வேலை இரண்டும் நகருக்குள்ளேயே என்றால் இவ்வளவு படிக்கத் தேவையில்லை. மை50 வாங்கிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

முதலில் மை50. 50 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் 30 நாளைக்கு ரேபிட் கேஎல் நகர ரயில்களான எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், சன்வே பக்கம் தனிப் பாதையில் ஓடும் பி.ஆர்.டி. பஸ், ரேபிட் பஸ், எம்.ஆர்.டி. இணைப்பு பஸ் எல்லாவற்றிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். இதே பெயரில் 2019-இல் ஒரு பாஸ் இருந்தது. அது பஸ்ஸுக்கு மட்டும். ரயிலும் வேண்டுமென்றால் மை100 வாங்க வேண்டும். 2020-இல் கோவிட் காலத்தில் மை30 என்று 30 வெள்ளிக்கு எல்லாவற்றையும் கொடுத்தார்கள். அந்த விலையை நினைத்தால் இன்றைக்கும் பெருமூச்சு வருகிறது. 2022-இல்தான் இப்போதைய மை50 வந்தது. காசு போட்டு வைத்துக் கேட்டில் தட்டும் தச் அண்ட் கோ கார்டிலேயே ஏற்றிக்கொள்ளலாம் என்பதால் தனியாக ஒரு அட்டையைச் சுமக்க வேண்டியதில்லை. 50 வெள்ளிக்கு இந்த நகரத்தில் இதைவிட நல்ல சாமான் கிடைக்காது என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் புறநகர் ரயிலான கே.டி.எம். கொமியூட்டர் இதில் சேராது. விமான நிலைய ரயிலும் சேராது. கோலாலம்பூரிலிருந்து நீலாய்க்குப் போகும் மலிவான ரயில் கொமியூட்டர்தான். ரேபிட் ரயில் தெற்கே காஜாங் வரை போகும், இன்னொரு பக்கம் புத்ராஜெயா வரை போகும். நெகிரி செம்பிலான் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆக, மை50 வைத்திருக்கும் என் மகள் ஒரு கட்டத்தில் இறங்கி, வேறொரு கேட்டில் அதே கார்டைத் தட்டி, அதில் போட்டு வைத்திருக்கும் காசிலிருந்து தனியாகக் கட்ட வேண்டும். கார்டு ஒன்றுதான், உள்ளே பை இரண்டு. "பாஸ்தான் இருக்கே" என்று டாப்-அப் பண்ணாமல் விட்டால் கொமியூட்டர் கேட் திறக்காது. பிள்ளைக்குப் பாஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். மை50 மாணவர் சலுகையே இல்லை. மானேஜருக்கும் 50, மாணவனுக்கும் 50. மாணவர்களுக்கு என்று ரேபிட் கொடுப்பது பாதிக் கட்டண அட்டை. கன்செஷன் கார்டு என்பார்கள். மூத்த குடிமக்கள், மாற்றுத் திறனாளிகள், மாணவர்கள் மூன்று தரப்புக்கும் உண்டு. ஒவ்வொரு பயணத்துக்கும் பாதிக் காசு. இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. விளம்பரம் முழுக்க மை50-க்குத்தான்.

அட்டை எடுக்கும் வேலை பெரிதாக ஒன்றும் இல்லை. ஐ.சி. (அடையாள அட்டை), மாணவர் என்பதற்குச் சான்று, அவ்வளவுதான். எங்களை அலையவிட்டது கல்லூரி அலுவலகம். பெயர் வேண்டாம். முதல் கடிதத்தில் படிப்புக் காலம் எப்போது முடிகிறது என்று போடவில்லை. இரண்டாவது கடிதத்தில் போட்டார்கள், மகளின் ஐ.சி. எண்ணில் ஒரு இலக்கம் தப்பு. மூன்றாவதைக் கொடுக்கும்போது அங்கிருந்த பெண், "இதுக்கா இவ்வளவு அவசரம், சிஸ்டர்?" என்று கேட்டார். கடிதம் வந்து சேர்வதற்குள் முழுக் கட்டணம் கட்டிய நாட்களுக்கான காசை அவரிடமா கேட்க முடியும்? பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே, கட்டணம் கட்டும் அதே கவுண்டரில், படிப்பு தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் போட்ட கடிதம் ஒன்றைக் கையோடு வாங்கி வையுங்கள். பணம் கட்டும் கவுண்டரில் எல்லாரும் சுறுசுறுப்பாக இருப்பார்கள்.

இப்போது கணக்கு. எளிமைக்காக, எல்.ஆர்.டி.யில் ஒரு வழிக்கு முழுக் கட்டணம் 3 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வேலைக்குப் போகும் ஒருவர் போய்வர 6 வெள்ளி. மாதம் 20 நாள் போனால் 120. மை50 வாங்கினால் 70 வெள்ளி மிச்சம். யாருக்குத்தான் பிடிக்காது? பாதிக் கட்டண அட்டை வைத்திருக்கும் மாணவிக்குப் போய்வர 3 வெள்ளி. வாரம் 5 நாள் வகுப்பு என்றால் மாதம் 60. மை50-யில் 10 வெள்ளி மிச்சம். வாரம் 4 நாள்தான் வகுப்பு என்றால் 16 நாளுக்கு 48 வெள்ளி. மை50 வாங்கினால் 2 வெள்ளி நஷ்டம். என் மகளுக்கு வாரம் 4 நாள்.

2 வெள்ளிக்கா இவ்வளவு பேச்சு என்று என் கணவரும் கேட்டார். 2 வெள்ளி பெரிதில்லை. ஆனால் மை50-யின் 30 நாள் ஓடிக்கொண்டே இருக்கும். ஹரி ராயா விடுமுறையிலும் ஓடும், பரீட்சைக்கு முந்தைய படிப்பு விடுமுறையிலும் ஓடும், காய்ச்சல் வந்து படுத்தாலும் ஓடும். பாதிக் கட்டண அட்டையில் போட்ட காசு அப்படியே கிடக்கும். செமஸ்டரில் எத்தனை வாரம் உண்மையில் வகுப்பு நடக்கிறது என்று கல்லூரிக் காலண்டரை எடுத்து வைத்துப் பாருங்கள். நான் பார்த்தேன். அதற்குப் பிறகு கணவர் எதுவும் கேட்கவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. மை50 இருந்த செமஸ்டரில் மகள் சனி ஞாயிறு வீட்டில் இருந்ததே இல்லை. பாஸ் இருக்கிறது, காசா பணமா என்று தோழிகளோடு புக்கிட் பிந்தாங், டி.டி.டி.ஐ., அப்புறம் எங்கேயோ ஒரு கடைசி ஸ்டேஷன் வரை சும்மா போய்விட்டு வருவார்கள். ஒரு ஞாயிறு அவளும் தம்பியும் எம்.ஆர்.டி.யில் ஏறி புத்ராஜெயா வரை போய், ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். அந்த வயதில் அப்படி ஊர் சுற்ற எனக்கு வாய்க்கவில்லை. அதற்கு விலை போட எனக்குத் தெரியாது, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை. உங்கள் வீட்டில் சேர்த்துக்கொள்வீர்கள் என்றால் மை50-தான் ஜெயிக்கும்.

சரி, பாதைக்கு வருவோம். செந்தூலிலிருந்து நீலாய்க்குப் போக மூன்று வழி இருக்கிறது. மூன்றையும் மகள் போய்ப் பார்த்துவிட்டாள். ஒவ்வொன்றிலும் ஒரு முறையாவது நானும் கூடப் போயிருக்கிறேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

முதல் வழி, கொமியூட்டரில் நேராகப் போவது. பத்துமலையிலிருந்து பூலாவ் செபாங் போகும் ரயில் செந்தூல் வழியாகத்தான் வரும். ஏறி உட்கார்ந்தால் புத்ரா, பேங்க் நெகாரா, பழைய கோலாலம்பூர் ஸ்டேஷன், கே.எல். சென்ட்ரல், மிட் வெலி, செபுத்தே, சாலாக் செலாத்தான் என்று ஒவ்வொன்றாக நின்று நின்று போகும். ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். மாறி ஏறும் வேலை இல்லை. புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்ளலாம். 2010-இலிருந்தே கொமியூட்டரில் பெண்களுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. இருட்டிய பிறகு தனியாகத் திரும்பும் பிள்ளை வைத்திருக்கும் தாய்க்கு அந்த இளஞ்சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்தாலே பாதி பயம் போய்விடும். சில சமயம் ஆண்களும் தெரியாத மாதிரி ஏறி உட்கார்ந்திருப்பார்கள். சொன்னால் பெரும்பாலும் எழுந்து போய்விடுவார்கள்.

இந்த வழியில் குறை, ரயிலுக்கு ரயில் இடைவெளி. எல்.ஆர்.டி. மாதிரி ஒன்று போனால் சில நிமிடத்தில் இன்னொன்று வராது. நேரப்பட்டியலைப் பார்த்துத்தான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். தைப்பூச நேரத்தில் இந்தத் தடமே பத்துமலைக் கூட்டத்துக்குச் சொந்தமாகிவிடும். அந்த நாட்களில் கல்லூரிப் பையோடு செந்தூலில் ஏறப் பார்ப்பது நடக்காத காரியம்.

இரண்டாவது வழி, பண்டார் தாசிக் செலாத்தான் வரை எல்.ஆர்.டி. செந்தூல் தீமோரில் கிளம்பும் ரயில்களில் ஒன்று அம்பாங் போகும், ஒன்று ஸ்ரீ பெட்டாலிங் வழியாக புத்ரா ஹைட்ஸ் போகும். இரண்டாவதில் ஏற வேண்டும். சான் சோ லின் தாண்டியதும் பாதை பிரியும். பலகையைப் பார்க்காமல் ஏறினால் அம்பாங்கில் போய் நிற்க வேண்டியதுதான். பண்டார் தாசிக் செலாத்தானில் இறங்கிப் பாலத்தில் நடந்தால் கொமியூட்டர் பிளாட்பாரம். டி.பி.எஸ். பஸ் நிலையத்துக்குப் போகும் அதே பக்கம். கூரை இருக்கிறது, மழை பெய்தாலும் கவலையில்லை. அங்கிருந்து கொமியூட்டரில் செர்டாங், காஜாங், காஜாங் 2, யு.கே.எம்., பாங்கி, பத்தாங் பெனார், நீலாய்.

இதில் நாங்கள் கண்டுபிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. மகள் நேர் ரயிலில் போனாலும், எல்.ஆர்.டி.யில் வந்து மாறினாலும், கடைசியில் ஏறுவது அதே கொமியூட்டரில்தான். நேர் ரயிலைச் செந்தூலில் விட்டுவிட்டாள் என்றாலும், எல்.ஆர்.டி.யில் கிளம்பி, நடையை எட்டிப் போட்டால் பண்டார் தாசிக் செலாத்தானில் அதைப் பிடித்துவிட வாய்ப்பு இருக்கிறது. ரயில் நகருக்குள் நின்று நின்று வருவதால் கிடைக்கும் அவகாசம் அது. காலையில் தெற்கே போகிறவர்கள் குறைவு என்பதால் அங்கே ஏறினாலும் உட்கார இடம் கிடைக்கும். கொமியூட்டர் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. நகருக்குள் உள்ள தூரத்தை மை50-யோ பாதிக் கட்டணமோ பார்த்துக்கொள்ள, கொமியூட்டருக்குக் கொடுப்பது மிச்சத் தூரத்துக்கு மட்டும். மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான்.

பெயர்க் குழப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. செந்தூல் எல்.ஆர்.டி. வேறு, செந்தூல் கொமியூட்டர் வேறு. பெயர் ஒன்று என்பதால் ஒன்றில் இறங்கி மற்றொன்றுக்கு மாறலாம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துவிடுகிறார்கள். வெயிலில் நடக்க வேண்டும். எங்கள் வீடு எல்.ஆர்.டி. பக்கம். அதுவும் சேர்ந்துதான் இரண்டாவது வழிக்கு என் ஓட்டு.

மூன்றாவது வழி காஜாங். பிளாசா ரக்யாட் வரை எல்.ஆர்.டி., அங்கிருந்து நடந்து மெர்டேக்கா எம்.ஆர்.டி., அப்புறம் காஜாங் வரை எம்.ஆர்.டி., அங்கே கொமியூட்டர். காகிதத்தில் இதுதான் மலிவு, ஏனென்றால் கொமியூட்டரில் போகும் தூரம் மிகக் குறைவு. காஜாங்கில் இரண்டு நிலையங்களும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் எம்.ஆர்.டி.யிலேயே அரை மணிக்கு மேல் போய்விடும், மூன்று முறை ஏறி இறங்க வேண்டும். பண்டார் தாசிக் செலாத்தானோடு ஒப்பிட்டால் குறைவது ஓரிரு ஸ்டேஷன் தூரத்துக் கட்டணம்தான். சில்லறைக் காசு. அதற்காக லேப்டாப் பையோடு பிள்ளையை இப்படி ஏற்றி இறக்குவது நியாயமில்லை. செராஸ், தாமான் மிடா, பத்து 11 பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதுவே முதல் வழியாக இருக்கும். அவர்கள் மை50 வாங்கினால் நல்ல லாபம்.

இப்போது எனக்கு ஆறாத விஷயத்துக்கு வருகிறேன். பத்தாங் பெனாருக்கு முன்னால் எங்கேயோ சிலாங்கூர் முடிந்து நெகிரி செம்பிலான் தொடங்குகிறது. ரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. யாரும் ஐ.சி. கேட்பதில்லை. அப்படியிருக்க, சலுகை மட்டும் ஏன் வழியில் இறங்கிவிடுகிறது? மாநிலம் மாறுவதால் என்று நானும் முதலில் நினைத்தேன். மாநிலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ரேபிட்டை நடத்தும் பிரசாரானா நிதியமைச்சுக்குச் சொந்தம். கே.டி.எம்.மும் நிதியமைச்சுக்குச் சொந்தம். ஒரே முதலாளி. ஆனால் இந்தக் கம்பெனி கொடுக்கும் மாணவர் சலுகை அந்தக் கம்பெனி கேட்டில் செல்லாது. அவர்கள் சலுகை அவர்களுக்கு, இவர்கள் சலுகை இவர்களுக்கு. தனி விண்ணப்பம், தனி விதி. படிப்பவள் ஒருத்தி, படிப்பு ஒன்று, கல்லூரி கொடுத்த கடிதமும் (மூன்றாவது முயற்சியில்) ஒன்றுதான். எல்லை வரைபடத்தில் இல்லை, இரண்டு கேட்டுகளுக்கு நடுவில் இருக்கிறது.

என் அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். செந்தூலில் அந்தக் காலத்துத் தமிழ்க் குடும்பங்களில் ரயில்வே ஆள் ஒருவராவது இல்லாத வீட்டைப் பார்ப்பது அபூர்வம். அப்பாவுக்குக் கிடைத்த குடும்ப பாஸில் ஈப்போவுக்கும் போயிருக்கிறோம், தாய்ப்பிங்குக்கும் போயிருக்கிறோம். அம்மா நாசி லெமாக்கும் அவித்த முட்டையும் கட்டி எடுத்து வருவார். டிக்கெட் பரிசோதகர் பாஸைப் பார்ப்பார், எங்களை எண்ணுவார், அவ்வளவுதான். பாஸ் என்றால் ஆளோடு கூடவே வருவது என்றுதான் எனக்கு மனதில் பதிந்திருக்கிறது. மாணவர் சலுகையும் அப்படித்தான் இருக்க வேண்டும். ரயில் கம்பெனியைப் பார்த்துக் கொடுப்பதை விட்டுவிட்டு, படிக்கிற பிள்ளையைப் பார்த்துக் கொடுக்கட்டும்.

இதை என் தங்கையிடம் புலம்பினால் சிரிக்கிறாள். அவள் இருப்பது ஜொகூர் பாருவில். பக்கத்து வீட்டுப் பையன் சிங்கப்பூரில் பள்ளிக்கூடம் போகிறான். விடியும் முன்னே எழுந்து, கடப்பிதழைப் பையில் போட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு குடிநுழைவு, அந்தப் பக்கம் ஒரு குடிநுழைவு. "உங்களுக்கு எல்லைன்னா என்னன்னே தெரியாது, அக்கா" என்கிறாள். உண்மைதான். ஜே.பி. சென்ட்ரலிலிருந்து உட்லண்ட்ஸ் போகும் தெப்ராவ் ஷட்டில் ரயிலில் போகும்போது 5 வெள்ளி, திரும்பும்போது 5 சிங்கப்பூர் வெள்ளி. எண் ஒன்றுதான். ஆனால் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் காசு மூன்று வெள்ளிக்கு மேல் போகிறது என்பதால், அதே தண்டவாளத்தில் திரும்பி வர மூன்று மடங்குக்கு மேல் ஆகிறது. சில நிமிடப் பயணத்துக்கு. இரண்டு நாட்டையும் இணைக்க வரும் ஆர்.டி.எஸ். ரயில் ஓட ஆரம்பித்தாலும் புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரை 4 கிலோமீட்டர்தான். அதற்கு மாணவர் கட்டணம் என்ன வைக்கிறார்கள் என்று ஜொகூர் வீடுகளில் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் சிங்கப்பூருக்குள் போய்விட்டால் அவர்கள் மாணவர்களுக்குச் செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டைப் பார்த்து எனக்குப் பொறாமைதான். அங்கே மாணவர் கட்டணம் 7.2 கிலோமீட்டர் வரைதான் தூரத்தோடு சேர்ந்து ஏறும். அதற்கு மேல் எவ்வளவு தூரம் போனாலும் அதே கட்டணம். பஸ் ஒரு கம்பெனி, ரயில் வேறு கம்பெனி என்றாலும் ஒரே பயணமாகத்தான் எண்ணுகிறார்கள். தூரத்தில் குடியிருப்பது பிள்ளையின் குற்றமில்லை என்று யாரோ யோசித்து வைத்த விதி மாதிரி இருக்கிறது. நம் பக்கம் கணக்கு தலைகீழ். கல்லூரிக்குப் பக்கத்தில் வீடு எடுக்க வசதி இல்லாதவர்கள்தான் தூரத்திலிருந்து வருகிறார்கள், தூரத்துக்குத் தகுந்த மாதிரி கட்டணம் கூடுகிறது. கொமியூட்டரிலும் மாணவர்களுக்கு இப்படி ஒரு உச்சவரம்பு வைத்தால் காஜாங்கா, பண்டார் தாசிக் செலாத்தானா என்று நான் இப்படி ஸ்டேஷன் ஸ்டேஷனாக எண்ணிக்கொண்டிருக்க மாட்டேன்.

மை50 மலேசியக் குடிமக்களுக்கு மட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மகளோடு படிக்கும் பிள்ளைகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் உண்டு, அவர்களுக்கு இல்லை என்றால் அதையாவது புரிந்துகொள்ளலாம். இங்கேயே பிறந்து வளர்ந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, இன்னும் குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு ஐ.சி.யோடு இருக்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இல்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள், ஒரே ரயிலில் திரும்புகிறார்கள், கேட்டில் ஒருத்திக்குப் பாஸ், இன்னொருத்திக்கு முழுக் கட்டணம். பாஸுக்கு மதிப்பெண் போட உட்கார்ந்தால் இதற்குத் தனியாகக் கழிக்க வேண்டியிருக்கிறது.

நீலாயில் இறங்கிய பிறகு ஆகும் செலவுதான் பலர் மறந்துவிடுவது. ஸ்டேஷனிலிருந்து கல்லூரிகள் எல்லாம் நடக்கும் தூரத்தில் இல்லை. மகளின் கல்லூரி வேன் காலையில் ஒழுங்காக வரும், மாலையில் ஐந்து மணிக்கு மேல் வகுப்பு இழுத்துவிட்டால் வேன் கிடையாது. கிரேப் வாடகைக் கார்தான். தனியாகப் போனால் ஒரு கிரேப் காசு, ரயிலில் மிச்சம் பிடித்த பல நாள் காசைத் தின்றுவிடும். நான்கு பேர் சேர்ந்து போகப் பழகியிருக்கிறார்கள். கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது பாடத்திட்டம், விரிவுரையாளர் எல்லாம் கேட்கிறோம். வேனின் கடைசி நடை எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்பதில்லை. கேளுங்கள்.

மதிப்பெண் என்றால், நகருக்குள் படிக்கும் மாணவருக்கு மை50-க்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். எல்லை தாண்டும் மாணவருக்கு இரண்டரை. பாதிக் கட்டண அட்டைக்கு மூன்றரை. கொமியூட்டர் கேட்டிலும் அதே அட்டை செல்லும் என்று ஒரு நாள் அறிவித்தால் அன்றைக்கே ஐந்து.

இந்த செமஸ்டர் மகள் பாதிக் கட்டண அட்டையோடு, பண்டார் தாசிக் செலாத்தான் வழியாகத்தான் போய் வருகிறாள். அடுத்தது இன்டர்ன்ஷிப். ஜாலான் துன் ரசாக் பக்கம் இடம் கிடைத்தால் வாரம் 5 நாள், எல்லாம் ரேபிட் ரயில், கொமியூட்டரே வேண்டாம். அப்போது மறுபடியும் மை50 வாங்குவோம். மாத முதல் தேதியில் வாங்க மாட்டேன், வேலை தொடங்கும் அன்று காலையில்தான். சிரம்பான் பக்கம் கிடைத்தால் இந்தக் கணக்கை எல்லாம் திரும்பப் போட வேண்டும்.